ஏழாம் நம்பர் முத்திரை

"வெளியே மழை பெய்யுதாண்ணா?" என்று கேட்டால் எந்த மனுஷனும் பெய்யுது என்பான், இல்லை என்பான். அவர், "நான் உள்ள வர்றப்ப பெய்யல" என்பார். உள்ளே வந்து அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. ஆனாலும் அந்த அரை நிமிஷத்துக்கு அவர் ஜாமீன் நிற்க மாட்டார்.

ராயக்கோட்டை பஸ் போயிடுச்சா என்றால், "நான் வந்தப்புறம் போகல." சாப்பாட்டில் உப்பு சரியா இருக்கா என்றால், "சாம்பார்ல சரியா இருக்குது. ரசம் இன்னும் ஊத்திக்கல." கேட்டவனுக்கு எரிச்சல் வரும். எனக்கு ஆறு வருஷம் தினமும் வந்தது.

ஓசூர் தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி. தொண்ணூறுகள். அவர் அங்கே இன்ஸ்பெக்டர். அதே அறையில் நான் கிளார்க். கம்பெனியில் ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் ஒரு ரப்பர் முத்திரை உண்டு, வட்டத்துக்குள் ஒரு நம்பர். அவருடையது ஏழு. ஆளுக்கும் அதுவே பேராகிவிட்டது. "ஏழு வந்துட்டாரா?" "ஏழு கையெழுத்து போட்டாரா?" அவர் சரக்கைத் திருப்பி அனுப்பும் நாட்களில் மட்டும் பையன்கள் "ஏழு இல்லடா, ஏழரை" என்பார்கள். அவர் காதில் விழும். சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார்.

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம். வெளியிலிருந்து கேட்டுக்குள் வருகிற எந்தப் பொருளுக்கும் இன்ஸ்பெக்டர் முத்திரை குத்தின அட்டை கட்ட வேண்டும். நல்லதென்றால் பச்சை, கூடாதென்றால் சிவப்பு. பச்சை அட்டை இல்லாமல் அக்கவுண்ட்ஸில் செக் எழுத மாட்டார்கள். இரும்புக்கு மட்டுமில்லை, கேன்டீனுக்கு வந்த கிரைண்டருக்கும், மனமகிழ் மன்றத்துக்கு வாங்கின கேரம் போர்டுக்கும் அட்டை உண்டு. ஒரு ஆயுத பூஜைக்கு விளையாட்டாகப் பூசணிக்காய் பத்தைக் கொண்டுவந்து அவர் மேஜையில் அடுக்கினார்கள். மனுஷன் ஒவ்வொன்றாகத் தூக்கி, விரல் கணுவால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மூன்றுக்குச் சிவப்பு கட்டிவிட்டார். நடுரோட்டில் உடைக்கிற காய்க்கு எதற்குண்ணா இதெல்லாம் என்றேன்.

"நீங்கதானே பாக்கச் சொன்னீங்க" என்றார்.

உடைத்தபோது அந்த மூன்றும் உள்ளே அழுகல்தான். அதற்கப்புறம் பூசணிக்காய் விஷயத்தில் அவரிடம் யாரும் விளையாடவில்லை.

எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார். வார்ப்பு இரும்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் அடைத்துக்கொள்ளுமாம். ஒருநாள் கர்நாடக எல்லையில் இருக்கிற ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டி லாரியில் வார்ப்புகள் வந்து நின்றன. மேலே இருந்த முப்பதைத் தட்டிவிட்டு, முப்பதுக்கு மட்டும் அட்டை எழுதினார். மீதிக்கும் எழுதுங்கண்ணா, லாரிக்காரன் கத்துறான் என்று நான் குதித்தேன். "அடியில இருக்கறதை நான் பாக்கலப்பா. மேல எல்லாரும் நல்லதாத்தான் அடுக்குவாங்க." சாயங்காலம் வரை லாரியை நிறுத்தி, எல்லாவற்றையும் இறக்கி, தட்டி முடித்துத்தான் அனுப்பினார். லாரிக்காரன் கன்னடத்திலும் தெலுங்கிலும் திட்டித் தீர்த்தான். இவருக்கு இரண்டும் நன்றாகத் தெரியும். வீட்டில் பேசுவதே தெலுங்குதான்.

என் கல்யாணத்துக்குப் பெண் பார்த்ததும் இவர் ஊர்ப் பக்கம்தான், ராயக்கோட்டைக்குத் தெற்கே. குடும்பம் எப்படிண்ணா என்று கேட்டதற்கு, "அப்பனைப் பாத்திருக்கறன், தங்கமான ஆளு. பொண்ணைப் பாத்ததில்ல" என்று முடித்துவிட்டார். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் என் மனைவி இதைச் சொல்லிக்காட்டுவாள். "ஏழு அண்ணனே எனக்குப் பச்சை அட்டை குடுக்கலையே, நீங்க என்னாத்துக்கு என்னைக் கட்டினீங்க?" அவரைப் பற்றி எங்கள் வீட்டில் சிரித்துப் பேசக்கூடிய விஷயம் அது ஒன்றுதான். அடுத்ததைப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஜி.எம். கடற்கரை ஊரில் வளர்ந்தவர். ஓசூருக்குப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் தளும்புவதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. குடும்ப விழாவை அணைக்கரையில் வைக்கலாம், மன்றத்துக்கு ஒரு ஸ்பீட் போட் வாங்கலாம் என்றார். புதுசுக்கு நாங்கள் எங்கே போவது? மன்றத்தில் இருந்தது தொழிலாளிகள் மாசாமாசம் கொடுத்த சந்தா, மொத்தம் அறுபதாயிரம். அதற்குள் பழைய போட் ஒன்றைத் தேடிப்பிடிக்கிற வேலை மன்றச் செயலாளரான என் தலையில் விழுந்தது. "நல்லா பண்ணு, அடுத்த இன்ஸ்பெக்டர் போஸ்டுக்கு உன் பேர்தான்" என்று ஜி.எம். தோளில் தட்டினார். அந்தத் தட்டில் நான் அரை அடி உயர்ந்துவிட்டேன்.

இன்ஜின் தெரிந்த ஆள் வேண்டுமே, ஏழு அண்ணனைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போனேன். போட்டைப் பற்றி உங்களுக்கு என்னண்ணா தெரியும் என்று பஸ்ஸில் கேட்டேன். "இதுவரைக்கும் ஒண்ணும் பாத்ததில்ல" என்றார்.

மூன்று போட் பார்த்தோம். முதல் போட்டின் அடிப்பக்கத்தைத் தட்டினார், பாதி தூரத்தில் சத்தம் மாறியது. ஃபைபர் ஏடு ஏடாகப் பிரிந்திருக்கிறது என்றார். இன்ஜினின் கியர் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார், பாலாடை மாதிரி வெள்ளையாக வந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறதாம். அது அப்படியே கழிந்தது.

இரண்டாவது, ஓய்வுபெற்ற ஒரு மிலிட்டரிக்காரருடையது. சாம்பல் நிறம், நாலு இடத்தில் ஒட்டுப் போட்டது, இருபத்தைந்து குதிரைசக்தி இன்ஜின். பார்த்தாலே தூக்கம் வரும். இவர் ஒரு மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டாத இடமில்லை. பிளக்கைக் கழற்றினார், எண்ணெயை முகர்ந்தார், படுத்துக்கொண்டு அடியில் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இது எல்லாம் பாத்தாச்சு. வாங்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து 'வாங்கலாம்' வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. விலையும் நாற்பத்தைந்துக்குப் படிந்தது. அறிவிருந்தால் அங்கேயே முடித்திருப்பேன்.

மூன்றாவது போட் ஊருக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் நின்றது. ரத்தச் சிவப்பு. பக்கவாட்டில் வெள்ளைக் கோடு. அறுபது குதிரைசக்தி. விற்கிறவன் என்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று அடித்தான். நான் அதுவரை பார்த்த வேகம் என் கூடப்பிறந்த அண்ணனின் புல்லட்தான். மூக்கைத் தூக்கிக்கொண்டு அது கிளம்பியதும் வயிறு முதுகில் ஒட்டிக்கொண்டது. காற்றில் கண்ணீர் வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன். கரைக்கு வந்தபோது நான் மனசுக்குள் போட்டை வாங்கி ஜி.எம்.மையும் ஏற்றிவிட்டிருந்தேன்.

இவர் கரையில் நின்று என்னைப் பார்க்கவில்லை, போட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினைத் தாங்கி நிற்கிற பின்பலகை அது. அதன்மேல் மட்டும் பெயிண்ட் புதுசு. தட்டினார், பொத பொத என்றது. இன்ஜினின் தலையைப் பிடித்து அழுத்தினார், பலகை மூச்சு விடுவதுபோல் அசைந்தது. பிறகு ஸ்குருடிரைவரை எடுத்து ஒரு திருகைக் கழற்றினார். திருகின் மரையில் ஈர மரத்தூள் கறுப்பாக ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனார், என்னிடமும் நீட்டினார். ஊறிப்போன மக்கு வாசனை.

விற்கிறவனுக்குப் பொறுக்கவில்லை. "நிமகே போட் பேகா, ஹலகே பேகா?" என்றான். உங்களுக்கு போட் வேணுமா, பலகை வேணுமா என்று நக்கல்.

"எரடூ பேகு" என்றார் இவர். ரெண்டும் வேணும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். "வேணாம்பா. முழு வேகத்துல திருப்புனா இன்ஜின் பலகையோட பிச்சுக்கும். அந்தச் சாம்பல் கலரை வாங்கு."

"ஜி.எம். ஒத்துக்கணுமேண்ணா."

"ஒத்துக்கறாரோ இல்லையோ. நான் பாத்தது இது. சிவப்புக்குச் சிவப்பு அட்டைதான் குடுப்பன்."

மறுநாள் அவர் தக்காளி பறிக்க இரண்டு நாள் லீவில் ஊருக்குப் போனார். விற்கிறவர்கள் கொடுத்த இரண்டு படங்களையும் கொண்டுபோய் நான் ஜி.எம். முன்னால் வைத்தேன். சாம்பல் போட்டின் படத்தை அவர் தொடவேயில்லை. "இது பறக்கும் போலிருக்கே!" "பறக்குதுங்க சார், நானே போய்ப் பாத்தேன்." "கண்டிஷன்?" அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "ஏழு தட்டிப் பாத்துட்டாருங்க" என்றேன். பொய்யில்லை பாருங்கள். தட்டித்தான் பார்த்தார்.

மேஜை டிராயரின் சாவியை எல்லோரும் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போவது எங்கள் அறை வழக்கம். சாவி கூடவே இருக்க வேண்டும் என்று சட்டம், யாரும் மதித்ததில்லை. லீவு நாளில் அவரும் மாட்டியிருந்தார். காலையில் ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால், பட்டப்பகலில், ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, நான் அவர் டிராயரைத் திறந்து முத்திரையை எடுத்துப் பச்சை அட்டையில் குத்தினேன். தேதி, நாங்கள் பெங்களூரில் போட் பார்த்த நாளுடையதைப் போட்டேன். லீவில் இருந்தவர் எப்படிக் குத்துவார் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதல்லவா, அவ்வளவு விவரம். முத்திரையைத் துடைத்துத் திரும்ப வைத்தேன். கை நடுங்கியதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். நடுங்கவில்லை.

அவர் லீவு முடிந்து வந்தபோது சிவப்பு போட் ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. நின்று பார்த்தார். "யாருப்பா பாஸ் பண்ணாங்க?"

"பெங்களூர்க்காரன் பலகையை மாத்திக் குடுத்துட்டாண்ணா."

"நான் பாக்கல. பிரிச்சுப் பாக்கட்டுமா?"

"ஜி.எம். சொல்லாம கவரைப் பிரிக்கக்கூடாதாம்."

"சரி" என்று போய்விட்டார். அட்டை ஏற்கெனவே ஃபைலுக்குள் போயிருந்தது.

குடும்ப விழா அன்று கெலவரப்பள்ளிக் கரையில் ஷாமியானா, பிரியாணி, மைக் செட். ஜி.எம். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தானே ஓட்டினார். இரண்டு ரவுண்டு நன்றாகப் போனது. கரையில் விசில் பறந்தது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அடுத்து யாரு? அடுத்து யாரு?" என்று கூவினேன். ஏழு அண்ணனும் அவர் மனைவியும் ஓரமாக நின்றிருந்தார்கள். நீங்களும் ஒரு ரவுண்டு போங்கண்ணா என்று மைக்கிலேயே கூப்பிட்டேன். வேண்டாம் என்று கையாட்டினார். பிறகு பரிசலில் மீன் பிடிக்கிற இரண்டு பேரிடம் போய்த் தெலுங்கில் ஏதோ சொன்னார். சோற்றுக்கு வீட்டுக்குக் கிளம்பியவர்கள் திரும்பிப் பரிசலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

மூன்றாவது ரவுண்டில் ஜி.எம்.மோடு லேத் ஆபரேட்டர் ஒருவரும் அவர் மனைவியும் பெயிண்ட் ஷாப் பெரியவரும் ஏறினார்கள். நடுத்தண்ணீரில் ஜி.எம். முழு வேகத்தில் திருப்பினார். மரம் பிளக்கிற சத்தம் கரைக்குக் கேட்டது. இன்ஜின் பலகையோடு பிய்த்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. போட் பின்பக்கமாக அமிழ்ந்தது. நாலு பேருக்கு இரண்டு மிதவைச் சட்டைதான் இருந்தது. பெண்கள் அலறினார்கள். நான் மைக்கைப் பிடித்தபடியே நின்றேன். அந்தப் பரிசல்காரர்கள் அங்கே இல்லாமலிருந்தால் இரண்டு பிணம் விழுந்திருக்கும். நாலு பேரையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள். லேத் ஆபரேட்டருக்கு இடது மணிக்கட்டு நொறுங்கியது. அந்தக் கையால் அவர் அப்புறம் மெஷினைத் தொடவில்லை.

விசாரணை கான்ஃபரன்ஸ் ரூமில் நடந்தது. ஜி.எம். ஒரு பக்கம் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெர்சனல் ஆபீசர் பச்சை அட்டையை மேஜைமேல் வைத்தார்.

"இது உங்க முத்திரைதானே?"

இவர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆமாங்க. ஏழுதான்."

"அப்ப நீங்கதான் பாஸ் பண்ணீங்க."

"இல்லீங்க. நான் குத்தல. பலகை ஊறிப்போச்சு, வேணாம்னு சொன்னன்."

"யாருகிட்ட சொன்னீங்க?"

"இந்தத் தம்பிகிட்ட."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம், மனைவிக்கு ஆறு மாசம், இன்ஸ்பெக்டர் போஸ்ட், இதெல்லாம் தலைக்குள் ஓடியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஒன்றும் ஓடவில்லை. பயம், அவ்வளவுதான்.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க சார்" என்றேன்.

பெர்சனல் ஆபீசர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க குத்தலன்னா யார் குத்தினது? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவருக்குத் தெரியும். என்னோடு பஸ்ஸில் வந்தவர், பலகை மாற்றியாச்சு என்ற என் பொய்யைக் காதால் கேட்டவர், சாவி தொங்கிய ஆணிக்குப் பக்கத்திலேயே என் நாற்காலி இருந்ததை அறிந்தவர். தெரியாமல் எப்படி இருக்கும்?

"நான் பாக்கலீங்க" என்றார்.

"சந்தேகம் யார் மேல?"

"பாக்காததை எப்படிங்க சொல்றது?"

முத்திரை யாருடையதோ பொறுப்பு அவருடையது என்று சட்டத்தைக் காட்டி முத்திரையைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஸ்கிராப் யார்டில் இரும்புத்தூள் மூட்டைகளை எடை போடுகிற இடத்துக்கு அவரை அனுப்பினார்கள். பரிசல்காரர்களை நிறுத்திவைத்தது யார் என்று விசாரணையில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டீ நேரத்தில் பையன்கள், "உள்ள பெரிய யோக்கியன் வேஷம், வெளிய பெங்களூர்க்காரன்கிட்ட கை நீட்டியிருக்கறாரு" என்று அவர் காதுபடவே பேசினார்கள். ஏழரை என்றுகூடக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். என்னைப் பார்த்தால் எப்போதும்போல, "என்னா தம்பி, சாப்ட்டியா?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் நான் யார்டுப் பக்கம் போவதையே நிறுத்தினேன்.

நாலு வருஷத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார். வழியனுப்பு விழாவுக்கு நான் போகவில்லை, பல்வலி என்று லீவு போட்டேன்.

அவர் போன சில மாசத்தில் எனக்கு இன்ஸ்பெக்டர் போஸ்ட் கிடைத்தது. அன்று ஸ்டோர்ஸில் ஒரு முத்திரையை எடுத்து நீட்டினார்கள். வட்டத்துக்குள் ஏழு. சும்மாதானே கிடக்குது, புதுசு எதுக்குச் செய்யணும் என்றான் ஸ்டோர்ஸ்காரன். வேறு கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பானே என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். போட் விவகாரத்துக்கு அப்புறம் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள், முத்திரை எப்போதும் இன்ஸ்பெக்டரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். தைல டப்பா ஒன்றில் போட்டு வைத்துக்கொண்டேன். தினமும் அதைத்தான் குத்தினேன். என்னை ஒருத்தன்கூட ஏழு என்று கூப்பிட்டதில்லை.

அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், மாமனார் வீட்டுக்குப் போகிற வழியில் ராயக்கோட்டைச் சந்தையில் அவரைப் பார்த்தேன். பிளாஸ்டிக் கிரேடுகளில், பெட்டி பெட்டியாகத் தக்காளி. ஒவ்வொரு கிரேடையும் சாக்கின்மேல் கவிழ்த்துப்போட்டு, அடியில் இருந்ததைப் பொறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நழுவிவிடலாம் என்று திரும்பினேன். "ஏம்பா!" என்று கூப்பிட்டுவிட்டார்.

"நல்லா இருக்கறியா? நீ இன்ஸ்பெக்டர் ஆயிட்டேன்னு சொன்னாங்க."

"ஆமாண்ணா."

"முத்திரை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"என்னா நம்பரு?"

இத்தனைக்கும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன், என்றைக்காவது பார்த்தால் காலில் விழுந்து சொல்லிவிட வேண்டும் என்று. "பதினொண்ணு" என்றேன்.

"ஏழு யாருகிட்ட இருக்குது இப்ப?"

"தெரியலண்ணா. நான் பாக்கல."

அவருடைய வார்த்தையை எடுத்து அவர் முன்னாலேயே சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, இதை நான் பாத்துட்டன்" என்று ஒரு கிரேடை என் பக்கம் தள்ளினார். பையை விரித்துக்கொண்டு குனிந்தேன். சட்டைப்பையிலிருந்து தைல டப்பா தக்காளிமேல் விழுந்து திறந்துகொண்டது. முத்திரை உருண்டு அவர் கால் பக்கம் போய் நின்றது.

எடுத்தார். ரப்பர் பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார், அன்றைக்கு அட்டையைப் பிடித்த மாதிரியே. தோள் துண்டால் மண்ணைத் துடைத்தார். டப்பாவுக்குள் வைத்து மூடி, தன் கையாலேயே என் சட்டைப்பையில் போட்டார்.

"இப்ப பாத்துட்டன்" என்றார்.

அவ்வளவுதான். அடுத்த கிரேடைக் கவிழ்க்கத் தொடங்கிவிட்டார். தக்காளிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்குத் தெரியாது.

பார்த்ததைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்கிற மனுஷன் அவர். கம்பெனியிலிருந்து யாராவது போய்க் கேட்டிருந்தால், என் பொய்யைக் கண்ணால் பார்த்ததாக அன்றே சொல்லியிருப்பார். கடைசிவரை யாரும் போய்க் கேட்கவில்லை. அதனால்தான் நான் சொல்கிறேன். அந்தப் பச்சை அட்டையில் குத்தினது நான்.